மேல பீரோவில் இருந்த டேப்

அப்பளம் திருடிய என் அருமை மாப்பிள்ளை சீனிக்கு,

நம் பாலிடெக்னிக் மலருக்கு உன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அன்பானவர், பண்பானவர், அமைதியானவர் என்று எழுதிக் கொடுத்தால் அச்சில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நீ அமைதியானவன் இல்லை. விருதுநகர் மெஸ்ஸில் என் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டு, வாயில் துகளோடு இல்லையென்று சாதித்தவன். அதனால் அரைப் பக்கம் போதாது. போட்டால் முழுதாகப் போடட்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பட்டும்.

ஊர்ச் சேதி சொல்கிறேன். உன் அப்பா, என் மாமா, இந்த வருஷமும் பருத்திதான் போட்டிருக்கிறார். தாயில்பட்டியில் நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், எரிந்த ஷெட்டுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி கட்டுகிறார்கள். நேற்றுப் போய் ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே காலால் அளந்து பார்த்தேன். பதினோரு எட்டுத்தான். அந்தப் பதினோரு எட்டைத் தாண்டித்தான் தீ உன்னிடம் வந்தது. இந்தத் தடவையாவது தள்ளிக் கட்டக் கூடாதா? கேட்டதற்கு, சீசன் நெருங்கிவிட்டது, லோடு ஏற்ற வேண்டும் என்றான் அங்கே நின்ற மேஸ்திரி.

உனக்கு அங்கே என்ன வேலை? மெட்ராஸில் என்னோடு ஒரே ஆபீசில் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன், திரி காய்கிற ஷெட்டில் சூப்பர்வைசராக ஏன் நின்றாய்? காரணம் ஊருக்குத் தெரியுமாம். டீக்கடையில் சொல்கிறார்கள், என் காதுபடவே: "கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டு ஓடியாந்த பய."

நீ எதையும் கெடுக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரின் கணக்கும் விவரமும் காந்த நாடாவில், அதாவது டேப்பில், சுருள் சுருளாக வெளியே இருக்கும். எந்த வேலைக்கு எது வேண்டுமோ அதை எடுத்து மெஷினில் மாட்ட வேண்டும். மாட்டும்போதே இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். இந்த டேப்பைப் படிக்க மட்டும் விடுவதா, எழுதவும் விடுவதா? சுருளின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டால் மெஷின் எழுதும். எழுதினால் பழையது போய்விடும். வளையம் இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான். எந்தச் சுருள், எந்த மெஷின், வளையம் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியது அதிகாரியின் பொறுப்பு. மூன்றே கட்டம். நம் அதிகாரிக்கு அதை எழுதக் கை வலிக்கும். வாயால்தான் சொல்வார்.

நம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளின் சர்வே உனக்கு மறந்திருக்காது. விஸ்வநத்தத்திலிருந்து சாத்தூர் வரை, எந்தக் கம்பெனியில் எத்தனை ஷெட், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், எத்தனை கதவு என்று எல்லாம் ஒரே டேப்பில் இருந்தது. ஏற்றி முடித்ததும், விவரங்களைத் துளையிட்டு வைத்திருந்த கார்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது அந்த ஒரு சுருள்தான்; சர்வே அறிக்கையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வளையத்தைக் கழற்றி, மேற்குச் சுவரோரம் இருந்த சின்ன பீரோவில் வைத்தோம். அதற்கு 'மேல பீரோ' என்று பேர் வைத்தது நான். வேறு எப்படி வைப்பேன்? நம் ஊரில் மேலத்தெரு மேற்கே இருக்கிறது, கீழத்தெரு கிழக்கே இருக்கிறது. எந்தத் தெருவும் ஆகாசத்தில் இல்லை.

அன்றைக்கு இன்னொரு வேலைக்குக் காலி டேப் ஒன்று தேவைப்பட்டது. அதிகாரி வாசலில் நின்றபடி, "சீனிவாசன், மேல இருக்கிற டேப்பை வளையம் போட்டு மாட்டுங்க" என்றார்.

"மேல இருக்கிறதுக்கா சார்? அதுக்கு வளையமா?" என்று நீ கேட்டாய். நான் நாலடி தள்ளிக் கார்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆமாய்யா. சொன்னதைச் செய்யி."

அவர் சொன்னது எதிரே இருந்த ரேக்கின் மேல்தட்டை. நீ போனது மேல பீரோவுக்கு. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன். கால் மணி நேரத்தில் சர்வே மொத்தமும் போய்விட்டது.

விசாரணையில் நீ, "எங்களுக்கு மேலன்னா மேற்கு சார்" என்றாய். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். "நீயும் அவன் ஊர்தானே, நீ சொல்லு. மேலேன்னா என்ன?"

அப்போதும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. என்னையும் பார்த்துச் சிரிப்பார்களே என்று வெட்கம். "மேலேன்னா மேலேதான் சார்" என்றேன்.

உன் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உன்னை வேலையை விட்டு நீக்கினார்கள். டேப்பை மாட்டினவன் மாட்டிக்கிட்டான் என்று வராந்தாவில் ஒருத்தன் ஜோக் அடித்தான். எழும்பூரில் உன்னை ரயிலேற்ற வந்தபோது நீ என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். நீயோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடு மச்சான். நீயாவது மேல போ" என்றாய். கேலியா, நிஜமாகவே சொன்னாயா? இன்று வரை எனக்குப் புரியவில்லை. சொன்ன மாதிரியே போனேன். உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

நீ செத்த ஷெட் அந்த டேப்பில் இருந்ததா, அதன் பேருக்கு எதிரே பதினோரு எட்டு என்று பதிவாகியிருந்ததா, அறிக்கை வந்திருந்தால் யாராவது தள்ளிக் கட்டச் சொல்லியிருப்பார்களா? இனி யாராலும் சொல்ல முடியாது. அதிகாரி மேலும் ஆத்திரம், கம்பெனிக்காரன் மேலும் ஆத்திரம், வாயைத் திறந்து என்னைக் காட்டிக் கொடுக்காத உன் மேலும் ஆத்திரம். என்னைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை.

முந்தாநாள் மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். "ஏய்யா, நீ கூட இருந்தவன். எம்புள்ள தப்பு செஞ்சானா? ஊர்ல அம்புட்டுப் பேரும் சொல்றாக" என்று கேட்டார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். விசாரணையில் நான் சொன்னதையும் மறைக்கவில்லை. கமலைக் கயிற்றைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்.

"அவுகளுக்கு மேலன்னா என்னவாம்?"

"ஆகாசம் மாமா."

"அப்ப பீரோவ ஆகாசத்துலயா வச்சிருக்காக?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது சரிதான்.

இன்று காலையில் சாத்தூர் தபாலாபீஸிலிருந்து மெட்ராஸ் ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபால் போட்டுவிட்டேன். அன்று அதிகாரி சொன்னது, நீ திருப்பிக் கேட்டது, நான் சொன்ன பொய் எல்லாம் அதில் இருக்கிறது. இனி மூன்று கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு டேப்பையும் மாட்ட மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். மிச்சமிருக்கிற லீவில் ஷெட்டுகளை நானே அளக்கப் போகிறேன். தாயில்பட்டியில் தொடங்கியாகிவிட்டது. இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி.

துக்கம் கேட்க வருகிறவர்கள் நீ மேலே போய்விட்டாய் என்று ஆகாசத்தைக் காட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னைத் தோளில் தூக்கிப் போனவன் நான். ஓடையைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டி, மேலதான் கொண்டுபோனோம். அங்கே சூரியன் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்னை மறுபடி கூப்பிடட்டும், மூன்று பேரும் உட்காரட்டும், வேண்டிய மட்டும் சிரிக்கட்டும். மேலன்னா மேற்கு. சொல்வேன் மாப்பிள்ளை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய
உன் அத்தை மகன்,
வேலுச்சாமி

சாத்தூர், 1969