கைக்குட்டை கட்டி ஏறிய எஞ்சின்

ஆலன், டெக்சாஸ்
18 அக்டோபர் 1997, சனிக்கிழமை மாலை நான்கு மணி. பதினாறு சக்கர நீராவி எஞ்சின் ஒன்றைப் பார்த்துவிட்டு இப்போதுதான் அறைக்கு வந்தேன்.

அப்பாவுக்கு எட்வின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். நீங்களும் நலம் என்றுதான் பதில் எழுதுவீர்கள். அதை இனி நம்பமாட்டேன்.

நிலக்கரி வண்டிகளை இழுக்க 1910-இல் செய்த எஞ்சின். மியூசியத்தில் நிற்கிறது. உங்கள் ஜோலார்பேட்டை ஷெட் எஞ்சின் இதன் பக்கத்தில் குட்டி. கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் நிற்கும் இடத்துக்கு ஏறும்போது, நீங்கள் அந்த வேலையில் கரித்தூசிக்காகத் துண்டை நனைத்து மூக்கில் கட்டுவீர்களே, அதேபோல என்னையறியாமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். கூட வந்த வாஞ்சிநாதன் கேலி செய்யாமல் விடவில்லை.

"டேய், நெருப்பு அணைஞ்சு நாப்பது வருஷம் ஆச்சு. பேங்க் கொள்ளையடிக்கப் போறியா?"

நானும் சிரித்தேன். அவன் இறங்கிப் போனதும், அடுப்புக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டு இருமல். மூன்றாவது வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், துருதான் இருந்தது.

அந்த இருமல் எனக்குத் தெரியும். போனில் பேசும்போது நடுவில் உங்கள் குரல் நின்றுபோகும். லைன் சரியில்லை என்று நான் கத்துவேன். நீங்கள் ரிசீவரைக் கையால் பொத்துகிறீர்கள். பொத்துவதற்குள் இரண்டு தப்பி வந்துவிடுகிறது.

அந்தப் பழைய துண்டு இருந்தால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை ஆபீசில், ஊருக்கு வர லீவு கேட்பேன்.
2. பக்கத்து வீட்டு ஜெயகுமாரி அக்காவுக்குப் போன் செய்து, உங்களை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகச் சொல்வேன்.
3. நவம்பர் முதல் ஞாயிறு உங்களோடு பேசுவேன். பொத்தாதீர்கள். இருமி முடிக்கும்வரை லைனில் இருப்பேன்.