புள்ளியில் கோளாறு இல்லை

ரெய்னோ,

தேவாலயச் சமையலுக்குப் போகிறேன். இறைச்சி அடைத்த பேஸ்டி ஓவனில் இருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. கடைக்கார எர்னி உன் பம்ப் வேட்டைத் துப்பாக்கிக்கு இன்னொரு குறிபார்க்கும் கருவி கொண்டுவருவார். திருப்பி அனுப்பிவிடு.

குறிபார்க்கக் குழல் நுனியில் இருந்த பித்தளைக் குமிழ் சரியில்லை என்றாய். பச்சையாய் ஒளிரும் குமிழ் மாட்டினாய். பிறகு குறிபார்க்கும் வளையம். இப்போது கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி. நேற்றும் இலக்காக வைத்த காகிதத் தட்டைக் குறிபார்த்து, "நேரா பாத்தா புள்ளியே காணாமப் போகுது எல்மி, எர்னி நல்லா ஏமாத்திட்டான்" என்று கத்தினாய். தட்டுக்கு முன்னால் நம் நாய் படுத்திருந்தது. நான் அலறியதால் பிழைத்தது.

நீ உள்ளே போனபின் நானே துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். புள்ளி வட்டமாக, அழகாக நிற்கிறது. உன் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னபோது நீயும்தானே இருந்தாய்? "அந்தாளுக்கு என்ன தெரியும்" என்று முடித்துவிட்டாய். இப்போதெல்லாம் ஓரக்கண்ணிலாவது என் முகம் தெரிய என் காதைப் பார்த்துப் பேசுகிறாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

மான் வேட்டை தொடங்கட்டும், ஊரே காட்டுக்குப் போகட்டும். நீ போகவில்லை. தோட்டாக்களை நான் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

எல்மி

நாய்க்குத் தண்ணீர் வை.

தடித்த பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்படியும் தெரியாவிட்டால் எர்னியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. ஆனால் தெரியாவிட்டால் இந்த வரியும் உனக்குத் தெரியாதே. நான் என்ன செய்வேன், ரெய்னோ.