நின்ற வண்டியில் ஒரு வளைவு

என் பின்சீட்டு மகாராணிக்கு,

மகளும் குழந்தையும் நலமா? இங்கே நான் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த வரியைப் படித்ததும் நீ ஃபோனைத் தூக்குவாய்.

வியாழக்கிழமை பைக் என்மேல் விழுந்துவிட்டது.

ஓட்டவில்லை. நீ திரும்பும்வரை ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேனே! அதனால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஷெட்டில் சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டிமேல் சும்மாதான் உட்கார்ந்தேன். வளைவு வந்ததாக நினைத்துச் சாய்ந்தேன். ஸ்டாண்டு இல்லாத பக்கம். கால் அடியில் மாட்டிக்கொண்டது.

மாடி வீட்டுத் தையல்காரம்மாதான் ஓடிவந்து தூக்கிவிட்டார். "ஏன் சார், முப்பத்தெட்டு வருஷம் ரோட்டுல விழாம, நின்ன இடத்துல விழுந்திருக்கீங்களே!" என்றார். எலும்பு முறியவில்லை, வீக்கம் மட்டும்தான்.

இன்னொன்று. இரண்டு வருடமாகவே லாரி பக்கத்தில் வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிற சுகத்தை விட மனசில்லாமல், உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்துகொண்டிருந்தேன். வண்டிக்கு அடியில் கிடந்தபோது முதலில் தோன்றியது வலி இல்லை. 'அப்பாடா, இனிமேல் ஓட்ட வேண்டாம்' என்பதுதான்.

சாவியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பத்திரம்.

நீ வரும் அன்று ஸ்டேஷனுக்கு டாக்ஸியில் வருகிறேன். பின்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார வேண்டும். இத்தனை வருடம் போன வழியெல்லாம் உன் முகத்தைக் கண்ணாடியில்தானே பார்த்தேன்.

இப்படிக்கு,
வேலையை விட்டுவிட்ட உன் டிரைவர்