பாய்லருக்குச் சட்டை போட்டவர்கள்

மிஷன் ஆஸ்பத்திரி, தென்காசி
1941, ஆடி 9

சிரஞ்சீவி மகன் மாடக்கண்ணுக்குத் தகப்பன் உச்சிமாகாளி தன் கைப்பட எழுதுவது.

இதைச் சாயாக்கடை அப்துல் ஜப்பார் வாசித்துக் காட்டுவார். மில் ரைட்டரிடம் கொண்டுபோகாதே.

தன் கைப்பட என்பதை ஜப்பாரை இன்னொரு முறை வாசிக்கச் சொல். அறுபத்திரண்டு வயதில் எழுத்துப் படித்துவிட்டேன். இங்கே படுத்திருந்த மூன்று மாதத்தில் நர்ஸ் சுகிர்தம் சிலேட்டு கொடுத்துச் சொல்லித் தந்தாள். 'ழ' போட வந்த அன்று வார்டு முழுக்கக் காட்டினேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் கோபம்.

சூடு வெளியே போகாமல் இருக்க பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் மேலே பூசிச் சட்டை போட்டோமே, அந்தக் கல்நார் மாவுதான் என் நெஞ்சில் இருக்கிறது. காசம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். சாக்கைக் கிழித்துக் கொட்டும்போது பறக்கும் தூசி மூச்சோடு போய் நுரையீரலில் தைத்துக்கொள்ளுமாம். போனது வெளியே வராதாம்.

மில் கம்பவுண்டர் என்ன சொன்னான்? "உம்ம ஊர்லதான குத்தாலம் இருக்கு, ரெண்டு சாரலுக்கு அருவில நில்லும் வேய், எல்லாம் கரைஞ்சிரும்" என்றான். நம்பினேன். இரண்டு வருஷமும் சாரல் மாதத்தில் லீவு போட்டு வந்து, எண்ணெய் தேய்த்து, பல் கிடுகிடுக்க நின்றேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் மாவுச் சாக்குக் கொட்டும் அதே கொட்டகைக்குப் போனேன். இதைச் சொன்னபோது சுகிர்தம், "அருவி முதுகுலல்லா விழுது பெரியப்பா, நெஞ்சுக்குள்ளயா விழுது?" என்று கேட்டாள். வெட்கமாகப் போயிற்று.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று டாக்டரம்மா மில்லுக்கு எழுதிக் கேட்டார்கள். போன வாரம் பதிலாக ஒரு தாள் வந்தது. நான் கேட் காவல்காரனாம். இருமல் வேலைக்குச் சேரும்போதே இருந்ததாம். அடியில் என் கைநாட்டு. வேலையை விட்டு நின்ற அன்று ரைட்டர் நாறும்பூநாதன், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பேரு எடுக்குத தாளுதான்" என்று என் பெருவிரலைப் பிடித்து உருட்டினானே, அந்தத் தாள். முதன்முதலாக நான் முழுசாக வாசித்த காகிதம் என்னைப் பற்றிய பொய். சிலேட்டை உடைத்துவிட்டேன். பாவம், சுகிர்தம் வேறு வாங்கி வந்தாள்.

உன் போன கடிதமும் அவன் எழுதியதுதானே? "எனக்கு லேசான இருமல், வேறொன்றும் இல்லை" என்று இருந்தது. இப்போது எதையும் நம்ப மாட்டேன். எந்தத் தாளை நீட்டினாலும் விரலை மடக்கிக்கொள். சனிக்கிழமை ரயிலேறி வா. டாக்டரம்மா உன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் வேலை என்ன என்பதை அவர்களிடம் நீயே சொல்லு.

ஜப்பார் பாய், இதைக் கடையில் உரக்க வாசியுங்கள். கொட்டகை ஆட்கள் எல்லாரும் கேட்கட்டும்.

மகனே, பண்பொழி முருகன் உனக்கு நீண்ட மூச்சைக் கொடுக்கட்டும். என்னிடம் மிச்சம் இருப்பதையும் எடுத்து உனக்கே கொடுக்கட்டும்.

உன் அப்பா
உச்சிமாகாளி