உனக்குச் சொல்லாமல் விட்ட எண்பது

இன்று காலை சேலியமேட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெயரைக்கூடச் சொல்லாமல் நேராகச் சண்டைக்கு வந்தார். "இன்னாம்மா, அந்தப் பொண்ணு போட்ட பக்கத்துல நேத்து காட்டுன ஊரையே காட்டுது? அறுப்பு மெஷின் இப்போ எங்கதான் இருக்குது? வானம் வேற மூடிக்கினு வருது."

அந்தப் பொண்ணு என்றால் நீ. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் அந்த வெப்சைட் பக்கத்தை ஓடவைத்துக்கொண்டிருப்பவள் நான். அதன் அடியில் இருப்பது என் போன் நம்பர். இருந்தும் பாகூர் சுற்றுவட்டாரத்துக்கு அது இன்னும் 'அந்தப் பொண்ணு போட்ட பக்கம்'தான். "பார்க்கிறேங்க" என்று சொல்லிப் போனை வைத்தபோது அந்தப் பழைய கசப்பு வந்தது. இறந்துபோனவள் மேல் பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே. உன் மேல் எனக்குப் பாசமும் இருந்தது. ஆனால் எப்போதும் பொறாமைதான் முந்திக்கொண்டு வரும்.

கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து இரண்டு பேருமே வேலை தேடிக்கொண்டிருந்த காலம். வெப்சைட்டை நாமே சர்வரில் ஏற்றக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நீ கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டு மாடிக்கு வருவாய். லேப்டாப் என்னுடையது, இன்டர்நெட்டும் எங்களுடையது. உன்னிடம் திரை விரிசல் விட்ட ஒரு போனும், அண்ணன் எங்கிருந்தோ வாங்கித் தந்த பழைய கம்ப்யூட்டரும் இருந்தன. எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வருக்குள் முதல்முறை நுழைந்தபோது, கருப்புத் திரையில் மின்னிய அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்து, "உள்ள வந்துட்டோம்டி!" என்று என் தோளை உலுக்கினாய்.

முதலில் வெப்சைட் ஏற்றியது நான்தான். அதில் என் பெயரும் ஒரு வணக்கமும் மட்டும் இருந்தன. அதற்கே ஒரு வாரம் அலைக்கழிந்தேன். சர்வருக்கு நம்பர் போட்ட கதவுகள் உண்டு. வெப்சைட் பார்க்க வருகிறவர்கள் எண்பதாம் கதவு வழியாக வருவார்கள். சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் கம்பெனி அதை மூடியே கொடுக்கும், செட்டிங்ஸ் பக்கத்தில் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். இது தெரியாமல் அந்த வாரம் முழுக்க அழாத குறை. ஒருவழியாகத் தெரிந்துகொண்டதும், உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்; என் பக்கம் வெளியே திறந்ததே உனக்கு அதுவரை தெரியாது.

அப்போதுதான் நீ உன் பக்கத்தைக் காட்டினாய். உன் அண்ணன் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். அறுவடை நேரத்தில் அவர் போன் ஓயாது. மெஷின் இன்று எந்த ஊரில், அடுத்து யார் கழனி என்று ஒரு பக்கத்தில் தெரிந்துவிட்டால் யாரும் கூப்பிட வேண்டாம் என்று நீ யோசித்திருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உன் அம்மா எங்கள் கழனியில் நாற்று நட்டவர். அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தோன்றியது, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்படித்தான் யோசித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ அதை உன் சர்வரில் ஏற்றியதும் அண்ணன் ஊரெல்லாம் அதன் முகவரியைச் சொல்லிவிட்டார். பக்கம் திறக்கவில்லை. ஆட்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். நீ எனக்குப் போன் செய்தாய். "சர்வர் உள்ளருந்து பார்த்தா வருது, வெளிய போன்ல வரமாட்டேங்குது. இன்னாடி பண்றது?"

எனக்குத் தெரியும். எண்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "தெரியலியே. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து போட்டுப் பாரேன்" என்றேன். நீ அழித்தாய், மறுபடி போட்டாய். மறுநாளும் கேட்டாய், அதையேதான் சொன்னேன். மறுபடியும் அழித்தாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீ மாடிப்படியில் ஓடி வந்தாய். "எண்பது மூடி இருந்துதுடி! தொறந்துட்டேன், வந்துடுச்சி! உன்னுதும் மூடித்தான் இருக்கும், காட்டு" என்று லேப்டாப்பை இழுத்து என் செட்டிங்ஸைத் திறந்தாய். அங்கே எண்பது திறந்தே இருந்தது.

"உன்னுது தொறந்திருக்குதே."

"தானா தொறந்திருக்கும் போல" என்றேன்.

என் முகத்தை ஒரு கணம் பார்த்தாய். பிறகு, "அதிர்ஷ்டக்காரிடி நீ" என்று சொல்லிவிட்டு, "உங்கம்மாவ காபி போடச் சொல்லு" என்றாய்.

அதற்கடுத்த வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். ஐந்தாம் நாள் நான் வந்தபோது, "சர்வர் உள்ள நுழையற சாவி ஃபைல உனக்கு அனுப்பிட்டேன். யாருக்கும் குடுக்காத" என்றாய். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நர்ஸ் வந்தார். அதற்குப் பிறகு உன்னோடு பேச எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இன்று சர்வரில் இடம் நிரம்பிப்போய்ப் புது ஊர் ஏறாமல் இருந்தது, அவ்வளவுதான். பழைய பதிவுகளை அழித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் மனசு சரியாகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, மெஷின் நின்றிருந்த கழனிக்கே போய் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அது அவளுக்குத் தெரியுமேம்மா. அன்னிக்கு உங்க வூட்லருந்து வந்ததுமே சொன்னாளே, வேணும்னேதான் சொல்லாம இருந்திருக்கான்னு."

"அப்புறம் ஏண்ணா சாவிய எனக்கு அனுப்புனா?"

"நானும் அதத்தான் கேட்டேன், ஆஸ்பத்திரில. 'அவளுக்கு என் மேல பொறாமைணா. என்னவிட நல்லா நடத்திக் காட்டணும்னே அந்தப் பக்கத்த நின்னுபோக வுடமாட்டா'ன்னா."

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம். என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்திருக்கிறாய். நான் வெட்கப்பட்டு மூடிவைத்திருந்த ஒன்றை எடுத்து ஒரு வேலையில் அமர்த்திவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு ஏன் இப்படித் தோன்றுவதில்லை? வீடு வந்து சேர்ந்து முகம் கழுவும்போதுதான் அழுகை வந்தது.

பொறாமை இன்னும் அப்படியேதான் இருக்கிறதுடி. நாளைக்கு அண்ணன் மெஷினைக் குருவிநத்தத்துக்கு ஓட்டுகிறார். அதைப் பக்கத்தில் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.