எட்டு இலக்கமும் உன் கால்விரலும்

என் பாசமுள்ள, சொன்ன பேச்சு கேளாத அண்ணனுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது, இன்னும் தணியவில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது திட்டினால் மட்டும் எங்கே கேட்டாய்?

நம் தறிக்கூடச் சுவரில் நீ சாக்பீஸால் எழுதிய 73939133 அப்படியே இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரை நான்தான் தடுத்தேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டினாலும் அப்படியே. வெட்டி வெட்டி ஒற்றை ஏழு நின்றாலும் பகா எண்தான். தறி ஓடும்போதே மனக்கணக்குப் போடும் உனக்கு அதுதான் செல்லப்பிள்ளை.

என் மகள் பிளஸ் டூ தேறினால், ஆடிப்பூரத் தேருக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டாய். அவள் தேறினாள், நீ நடந்தாய். சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குத் தார் ரோடு சுட்டதே தெரியவில்லை. கொப்புளம் உடைந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாயா? தறியிலிருந்து இறங்கிய பேண்டேஜ் துணியை, வெளுக்காமல், சுத்தம் செய்யாமல், அப்படியே கிழித்துச் சுற்றிக்கொண்டாய்.

"நாம நெய்யுற துணியத்தானட்டி ஊர் உலகமே புண்ணுல கட்டுது. நமக்கு ஆகாதாக்கும்?" என்றாய்.

ஆகவில்லை. முதலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அழுத என்னைப் பார்த்துச் சிரித்தாய். "ஏட்டி, கடைசி இலக்கம் போனா என்ன? மிச்சமும் பகா எண்தான்." பிறகு பாதம் போனது. பிறகு முழங்கால் வரை. ஒவ்வொரு முறையும் அதே பேச்சு. அப்போதும் பற்றிக்கொண்டு வந்தது, இப்போதும் வருகிறது.

கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கும் என் மகள் போன மாதம் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"அம்மா, மாமா பாதிதான் சொல்லியிருக்காவ. இதுக்குப் பின்னால எந்த இலக்கத்தச் சேத்தாலும் பகா எண் வராது. வெட்டிக்கிட்டே போலாம், ஒண்ணக்கூட ஒட்ட முடியாது."

இது உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் சிரித்தாயா?

அவள் சொல்லும்போது நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். எனக்கும் சர்க்கரை என்பது நீ அறிந்ததுதான். குதிகாலில் பத்து நாளாகப் புண். அதில் சுற்றியிருந்தது நம் தறித்துணி. அவள் பார்த்துவிட்டாள். "நீயுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். உன்னைத் திட்டிய வாயால் என்னையும் திட்டிக்கொண்டேன்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். புண் ஆறிவருகிறது. இந்த ஆடிப்பூரத்துக்குப் பஸ்ஸில்தான் போவேன். தேர் வீதியில் செருப்போடுதான் நிற்பேன். நாச்சியார் கோபித்தால், "எங்க அண்ணன்ட்ட கேட்டுக்கோ தாயே" என்று சொல்லிவிடுவேன். பத்து விரலோடு போய்ப் பத்து விரலோடு திரும்புவேன், சத்தியம்.

உன்னை இன்னும் மன்னிக்காத
தங்கச்சி