பத்தடி மெஷினா, ஆறடி மெஷினா?

பரமத்தி வேலூர்
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பாப்பா யுவஸ்ரீயும் சுகம். உங்கள் கேம்ப்பில் டவர் எடுப்பதில்லை. போன் போட்டுப் போட்டு அலுத்துப்போய், டீசல் கொண்டுவரும் ஆபீஸ் லாரியில் இதைக் கொடுத்துவிடுகிறேன். சத்தீஸ்கர் காட்டில் போர்வெல் போடப் போனவருக்கு ஊரில் ஒரு பெண்டாட்டி இருக்கிற ஞாபகம் உண்டா?

நம் கடைக்குச் சொந்தமாக ஃபிளெக்ஸ் பிரிண்டர் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். நான் டிசைன் செய்து கரூருக்கு அனுப்பி, அவர்கள் அடித்து பஸ்ஸில் போட்டுவிடுவதற்குள் உயிர் போய்விடுகிறது. போன முகூர்த்தத்தில் வெங்கடாசலம் அண்ணன் வீட்டுக் காதுகுத்து முடிந்து, பந்தியும் எழுந்த பிறகு பேனர் வந்தது. சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன் வாசலில் தன் படத்தைத் தேடுகிறார். "ஏனம்மணி, எம்பட மூஞ்சிய நாளைக்குக் கட்டுவீங்களா?" என்று அவர் கேட்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

சேலத்தில் பஷீர் பாய் ஷோரூமில் இரண்டு மெஷின் பார்த்தேன். ஒன்று பத்தடி அகலம். கல்யாண பேனர், கட்அவுட் எல்லாம் அடிக்கலாம். ஆனால் இங்க் நாற்றம் உண்டு, ஃபிளெக்ஸ் ரோலைத் தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும். இன்னொன்று ஆறடி. நாற்றம் குறைவு, ஸ்டிக்கர் பளிச்சென்று வரும், ரோலும் சின்னது. எதை வாங்கட்டுமுங்க?

உங்கள்
சத்யபிரியா


ரிக் கேம்ப்
17.6.2025

அன்பு பிரியாவுக்கு,

ஞாபகம் உண்டா என்று கேட்காதே சாமி. இங்கே வைக்கிற ரசத்தைக் குடிக்கும்போதெல்லாம் உன் நினைப்புத்தான்.

ஆறடியே எடு. பத்தடி என்றால் ஆள்பலம் கேட்கும். ஆறடிக்கு ஒரு ஆள் போதும். நம் பக்கம் லாரிக்கும் கோழி வண்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டாதவர் யார்? வேலை தானாக வரும். சும்மா நிறுத்தி வைத்தால் எந்த மெஷினும் வீணாகிவிடும், தினமும் கொஞ்சமாவது ஓட்டு. தனியாகவே பார்த்துக்கொள்வாய், நீ கெட்டிக்காரி.

ஓனர் புது ரிக் வண்டி இறக்குகிறார். ஒடிசாவுக்குப் போகிறதாம். என்னைத்தான் கூடப் போகச் சொல்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

தமிழரசு


பரமத்தி வேலூர்
26.6.2025

மாமாவுக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' போடவில்லை, கவனியுங்கள்.

ஒரு ஆள் போதுமாம், தனியாகவே பார்த்துக்கொள்வேனாம். அப்படியென்றால் நீங்கள் வரப்போவதில்லை, அதுதானே? தீபாவளிக்கு வந்தபோது, "இதுதான் கடைசி ட்ரிப்பு சாமி" என்று யுவஸ்ரீ தலையில் கை வைத்துச் சொன்னது யாருங்க?

பஷீர் பாய் மறுபடி கூப்பிட்டார். "கடையில எத்தன பேரும்மா வேல பாப்பீங்க?" என்று கேட்டார். "நானும் எங்கூட்டுக்காரருமுங்க பாய்" என்று வாய் முந்திக்கொண்டது. மனுஷன் உடனே பத்தடிக்கு விலை போட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இப்போது மெஷின் குழப்பமே இல்லை. நீங்கள் வருவதாக இருந்தால் பத்தடி, வராவிட்டால் ஆறடி. ஆனால் ஆறடி வந்து இறங்குகிற அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுவேன், சொல்லிவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

சத்யபிரியா


ரிக் கேம்ப்
5.7.2025

அன்பு பிரியாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வரக்கூடாது என்று இல்லை. வந்து என்ன செய்வேன் என்றுதான் பயம்.

மீசை முளைத்ததிலிருந்து ரிக்கில் கிடக்கிறவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எதைத் தொடுவது என்றே எனக்குத் தெரியாது. உன் கடையில் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கவா? "பொண்டாட்டி கடையில எடுபிடியா இருக்கான்" என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை? இங்கே என்னை நாலு பேர் மதித்துக் கூப்பிடுகிறார்கள். அதை விட்டு வர மனசு வரமாட்டேன் என்கிறது. உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிட்டேன்.

தமிழரசு


பரமத்தி வேலூர்
15.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நிஜத்தை எழுதியதற்காக 'அன்புள்ள' போட்டிருக்கிறேன்.

டீ வாங்கி வரவா உங்களைக் கூப்பிட்டேன்? அந்த மெஷினுக்குள் பம்ப், பெல்ட், பில்டர் என்று என்னென்னவோ இருக்கிறது. அதில் எதைத் தொடுவது என்று எனக்குத்தான் தெரியவில்லை. எழுத்தும் கலரும் என் வேலை, மெஷின் உங்கள் வேலை. பேனருக்குப் பிரேம் வெல்டிங் செய்யவும், உயரத்தில் ஏறிக் கட்டவும் நாமக்கல்லில் இருந்து ஆள் பிடிக்கிறேன். வீட்டில் ஒரு ரிக்காரரை வைத்துக்கொண்டு இது எனக்குத் தேவையா?

பத்தடிக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மெஷின் நீளம் கடைக்குள் அடங்காது என்று, கடைக்கும் நம் அறைக்கும் நடுவில் இருந்த சுவரையும் இடித்தாகிவிட்டது. இனிப் படுக்கை கூடத்தில்தான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். மெஷின் ஓட்டுகிறவருக்கு இஞ்சினியர் வந்து சொல்லிக்கொடுப்பாராம். பெயர் கேட்டார்கள், தமிழரசு என்று கொடுத்தேன். நீங்கள் வராவிட்டால் அவர் திரும்பிப் போகட்டும், நான் கற்றுக்கொள்ள மாட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது மாமா. வந்துவிடுங்கள்.

உங்கள்
சத்யபிரியா


கடை
3.9.2025

பிரியா,

மோகனூருக்கு பேனர் கொடுக்கப் போன மகராசி போனை மேசைமேலேயே வைத்துவிட்டாய். யுவஸ்ரீயைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போகிறேன். அதற்குள் வந்துவிட்டால் தேடாதே என்றுதான் இந்தச் சீட்டு.

நீ போனதும், "மெஷின்காரரு இருக்காருங்களா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். யாரையோ கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் கேட்டிருக்கிறார். ரிக் ஓனரும் போனில் பேசினார். ஒடிசாவுக்கு வேறு ஆள் போட்டுவிட்டாராம். சந்தோஷமுங்க என்றேன், வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை.

நாளைக் கல்யாணத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே ரோல் தீர்ந்துவிட்டது. புதுசைத் தனியாக மாட்டப் பார்த்தேன். இந்த முனையை ஏற்றினால் அந்த முனை இறங்குகிறது. பக்கத்துக் கடையில் கூப்பிட்டால் வருவார்கள். எனக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. மெஷின் நிற்கிறது, சோறு மூடி வைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இரு, வந்ததும் நீ அந்தப் பக்கம் பிடி.

தமிழரசு